கூறு சரியாக வருகிறது, கணக்கு ஏன் பிழைக்கிறது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, தரம் 4இல் படிக்கிறாள். அம்மம்மா வாவி இறாலை வாசலில் கூறு போட்டு விற்கும்போது அவள்தான் அள்ளி வைப்பாள். எண்ணிப் பார்த்தால் கூறுக்குக் கூறு ஒன்றிரண்டு இறால்தான் வித்தியாசம் இருக்கும். ஆனால் பாடசாலைக் கணிதத்தில் 30 புள்ளிகளைத் தாண்டியதில்லை. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்கிறாள். நானூற்று மூன்று என்று சொன்னால் 4003 என்றும், தொள்ளாயிரத்து இரண்டு என்றால் 1002 என்றும் எழுதுகிறாள். கணக்கு மூளை பிறப்பிலேயே இருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். எண்ணுணர்வு பிறவியிலேயே அமைவது, அது கூர்மையாக இருப்பவர்களுக்கே கணிதம் வரும் என்று நானும் கைத்தொலைபேசியில் வாசித்தேன். புள்ளிகளைக் காட்டி எந்த நிறம் கூட என்று கேட்கும் விளையாட்டில் என்னைவிட அவளே சரியாகச் சொல்கிறாள். அப்படியானால் தாளில் ஏன் வரவில்லை? எனக்கும் கணிதம் என்றால் பயம், சாதாரண தரத்தில் இரண்டாம் முறைதான் சித்தியடைந்தேன். இரவு படிக்க உட்கார்ந்தால் இருவரும் அழுதுதான் எழும்புகிறோம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இன்னொரு தனியார் வகுப்பில் சேர்க்கட்டுமா?
— ஒரு தாய், கோட்டைக்கல்லாறு

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் விட்ட பிழைகளை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியது மிகுந்த உதவியாக இருந்தது. பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்துப் பிள்ளையை அளந்துவிட முடியாது. அவள் என்ன நினைத்து அந்த விடையை எழுதினாள் என்பதைப் பிழைதான் காட்டித் தரும். அவற்றைக் கொண்டு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் மகளுடைய எண்ணுணர்வில் குறை இருப்பதற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த உணர்வுக்கும், எண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லுக்கும், தாளில் எழுதும் இலக்கத்துக்கும் இடையில் போடப்பட வேண்டிய பாலம் அவளுக்கு இன்னும் சரியாகப் போடப்படவில்லை. அந்தப் பாலம் பிறப்பில் வருவதல்ல, கற்றுக்கொடுத்து வருவது.

எண்ணுணர்வு என்று ஆய்வாளர்கள் சொல்வது, எண்ணாமலேயே எது கூட, எது குறைய என்று மட்டிட்டு அறியும் ஆற்றலை. ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தி அறிகிறார்கள், ஆனால் 8ஐயும் 12ஐயும் வேறுபடுத்துவதில்லை என்று 2000ஆம் ஆண்டில் ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் காட்டினார்கள். ஒன்பது மாதமளவில் அந்த 8க்கும் 12க்கும் உள்ள வேறுபாடும் பிடிபட்டுவிடுகிறது. இதில் முக்கியமானது விகிதம். பத்து இறாலையும் இருபது இறாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் தெரியும், ஆனால் நூறையும் நூற்றுப்பத்தையும் வைத்தால் வித்தியாசம் அதே பத்தாக இருந்தும் கண் தடுமாறும். மிகச் சிறிய தொகைகளின் கதை வேறு. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் எறிந்து, எண்ணாமல் ஒரு பார்வையில் எத்தனை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தன்னையே சோதித்து, 1871இல் அதை வெளியிட்டார்: மூன்றிலும் நான்கிலும் ஒருமுறையேனும் பிழைக்கவில்லை, ஐந்திலிருந்து பிழைக்கத் தொடங்கினார். கொக்கான் விளையாடும் பிள்ளைகளைக் கவனித்தால் இதை நீங்களும் காணலாம். நிலத்தில் மூன்று கல் கிடந்தால் எவளும் எண்ணுவதில்லை.

கூறு போடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இறாலை அள்ளி வைக்கும்போது உங்கள் மகள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. குவியலின் பரப்பு, உயரம், கையில் உணரும் பாரம் எல்லாம் சேர்ந்தே அந்தத் தீர்ப்பு வருகிறது. புள்ளிகளைக் காட்டும் சோதனைகளைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் நடக்கும் நீண்ட விவாதமும் இதுதான்: பார்ப்பவர் எண்ணிக்கையை அறிகிறாரா, அல்லது புள்ளிகள் அடைத்திருக்கும் இடத்தை அறிகிறாரா? ஆகவே அவளுடைய கூறு சரியாக வருவதைப் பெரிய கணித மேதைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவைப் பற்றிய உணர்வு அவளிடம் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போதும்.

இனி, நீங்கள் வாசித்த செய்திக்கு வருகிறேன். அது பொய்யல்ல, ஆனால் அரைவாசிதான். 2008ஆம் ஆண்டில் ஜஸ்டின் ஹால்பெர்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் 64 பேருக்கு, நீலமும் மஞ்சளுமான புள்ளிகளை ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, எந்த நிறம் கூட என்று கேட்டார்கள். அதில் கூர்மையாக இருந்த பிள்ளைகள், பாலர் வகுப்பிலிருந்தே கணிதப் பரீட்சைகளிலும் கூடுதலான புள்ளிகளைப் பெற்று வந்திருந்தார்கள். இந்த முடிவு உலகம் முழுவதும் செய்தியாகப் பரவி, எண்ணுணர்வே கணித ஆற்றலின் வித்து என்ற எண்ணத்தைப் பலரிடம் ஊன்றிவிட்டது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து, 17,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை ஒன்றாகப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2017இல் வெளியானது. தொடர்பே இல்லையென்றால் 0, ஒன்றைக்கொண்டு மற்றதை அப்படியே சொல்லிவிடலாம் என்றால் 1 என்று வைக்கும் அளவுகோலில், புள்ளிச் சோதனைக்கும் கணிதத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.24 என்று அது கண்டது. வேறு விதமாகச் சொன்னால், பிள்ளைகளுக்கிடையே கணிதத்தில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றில் ஏறத்தாழ ஆறு பங்குதான் இதனோடு சேர்ந்து போகிறது. புள்ளிகளுக்குப் பதிலாக 7, 9 போன்ற இலக்கங்களையே காட்டி எது பெரிது என்று கேட்டபோது அந்தத் தொடர்பு 0.30 ஆக இருந்தது. பெரிய இடைவெளி இல்லைதான். ஆனாலும், வெறும் புள்ளிகளை ஒப்பிடுவதைவிட இலக்கத்துக்குள் இருக்கும் அளவைக் கண்டுகொள்வதே பாடசாலைக் கணிதத்துக்கு நெருக்கமானது என்பது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

எது எதை வளர்க்கிறது என்பதும் ஒரு வழிப்பாதையல்ல. பிரேசிலின் அமேசன் காட்டுப்பகுதியில் வாழும் முண்டுருக்கு மக்களுடைய மொழியில் ஐந்தளவுக்கு மேல் எண்ணுப்பெயர்கள் இல்லை. 2004இல் வெளியான ஆய்வில், பெரிய தொகைகளை மட்டிட்டு ஒப்பிடுவதிலும் கூட்டிப் பார்ப்பதிலும் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு ஏறத்தாழச் சமமாக நின்றார்கள். நான்கு ஐந்துக்கு மேற்பட்ட எண்களில் சரியான விடை கேட்கும் கழித்தலில்தான் பின்தங்கினார்கள். சொல் இல்லாமல் மட்டு உண்டு, ஆனால் துல்லியம் இல்லை. அதே மக்களிடம் செய்து 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு, அவர்களில் பாடசாலைக் கல்வி பெற்றவர்களுக்கு அந்த மட்டிடும் ஆற்றலே கூடுதலாகக் கூர்மைப்பட்டிருந்ததைக் கண்டது. அப்படியானால் கணிதம் கற்பதும் எண்ணுணர்வைத் தீட்டுகிறது. பிறந்தபோது கிடைத்தது இவ்வளவுதான் என்று ஒரு பிள்ளைக்கு எல்லை வகுக்க இந்த அறிவியலில் இடமே இல்லை.

புள்ளி விளையாட்டுக்காக மாதக் கட்டணம் செலுத்த எண்ணியிருந்தால் வேண்டாம். மட்டிட்டுக் கூட்டவும் கழிக்கவும் பயிற்றுவித்தால் எழுத்துக் கணக்கும் முன்னேறும் என்று 2013இல் ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. வளர்ந்தவர்களிடம் அதை மறுபடி சோதித்துப் பார்த்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை என்று, முதல் ஆய்வைச் செய்தவர்களும் சேர்ந்தே 2021இல் எழுதினார்கள்.

இப்போது மகளின் பிழைகளுக்கு வருவோம். 4003 என்பதும் 1002 என்பதும் பார்வைக்கு ஒரே வகைப் பிழையாகத் தெரியும், ஆனால் இரண்டும் வேறு. நானூற்று மூன்றைக் கேட்ட பிள்ளை முதலில் 400 என்று எழுதி, அதன் பின்னால் 3ஐ எழுதியிருக்கிறாள். அவள் காது சரியாகக் கேட்டிருக்கிறது; பூச்சியங்கள் இடத்தைக் காத்து நிற்பவை, வேறோர் இலக்கம் வந்தால் இடத்தை விட்டுக்கொடுப்பவை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. தொள்ளாயிரத்து இரண்டில் நடந்தது வேறு. அங்கே அவளை ஏமாற்றியது நம்முடைய மொழி. தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை: முப்பது, முந்நூறு, மூவாயிரம் என்று மூன்று ஒவ்வொரு படியிலும் தன் முகத்தைக் காட்டும். ஒன்பது மட்டும் தொள்ளாயிரம் வரை ஒரு படி மேலே உள்ள பெயரை அணிந்துகொண்டு வரும். 9 என்பது 'பது' என்று முடிகிறது, 90 என்பது 'நூறு' என்று முடிகிறது, 900 என்பது 'ஆயிரம்' என்று முடிகிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரத்தைக் கேட்ட பிள்ளை 1002 என்று எழுதினால், அது காதால் கேட்டதை நம்பியதன் விளைவு. மூளைக் குறைபாடு அல்ல. இதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒன்பது தன் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் என்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் சிரித்தார்கள், அதன் பிறகு மறக்கவில்லை.

4003 என்ற பிழைக்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. பழைய கலண்டர் மட்டையில் 100 முதல் 900 வரை நூறுகளை ஒன்பது நீள அட்டைகளிலும், 10 முதல் 90 வரை பத்துகளை அதைவிடக் குறுகிய அட்டைகளிலும், 1 முதல் 9 வரை ஒற்றைகளை ஓர் இலக்கம் மட்டும் கொள்ளும் அட்டைகளிலும் எழுதுங்கள். நானூற்று மூன்று என்றால் 400 அட்டையை எடுத்து, அதன் கடைசிப் பூச்சியத்தின் மேல் 3ஐ வைக்கச் சொல்லுங்கள். 403 என்று தெரியும். 3ஐத் தூக்கினால் கீழே 400 அப்படியே இருக்கும். எழுதும்போது மறைந்துபோன பூச்சியம் எங்கே போனது என்ற கேள்விக்கு அவளுடைய கையே விடை சொல்லும். இரண்டு மூன்று வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை, இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாமல் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள். 5இலிருந்து 2 போனால் 3, 7இலிருந்து 2 போனால் 5. அவள் 52ஐ ஒரு தொகையாகப் பார்க்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனி இலக்கங்களாகப் பார்க்கிறாள். இதே கணக்கை இறாலில் கேளுங்கள். "மகள், 52 இறாலில் 27ஐ மாமிக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் அரைவாசியை விடக் கூடவா, குறையவா?" என்று கேட்டால், தாளை எடுக்காமலேயே சற்றுக் குறைய என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கிறேன். 52இன் அரைவாசி 26. அப்படியிருக்க 35 எப்படி மிச்சம் வரும்? இந்த இடத்தில்தான் அவளுடைய எண்ணுணர்வு தாளுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும்.

சரியான விடைக்கு நாணயக் குற்றிகளைப் பயன்படுத்துங்கள். ஐந்து 10 ரூபாய்க் குற்றிகளும் இரண்டு 1 ரூபாய்க் குற்றிகளும் அவள் கையில் இருக்கட்டும். 27 ரூபாய் கேளுங்கள். இரண்டு ஒற்றை ரூபாயில் ஏழைக் கொடுக்க முடியாது என்று அவளே சொல்வாள், கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளையாதலால் ஒரு பத்தை மாற்ற வேண்டும் என்பதையும் அவளே சொல்லக்கூடும். மாற்றிய பின் நான்கு பத்தும் பன்னிரண்டு ஒற்றையும் இருக்கும், 27 போக 25 மிஞ்சும். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவது என்று இதைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இங்கே எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை, சில்லறை மாற்றுகிறோம், அவ்வளவுதான். சொல் சரியாக இருந்தால் பிள்ளையின் பாதிக் குழப்பம் தீரும்.

எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கமாக நான் கருதுவது, முதலில் மட்டிட்டு, பிறகு எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் களவெட்டியில் சூடடித்துத் தூற்றி முடிந்ததும், மரைக்காலை எடுப்பதற்கு முன்னால், பொலியைச் சுற்றி நடந்து பார்த்து இத்தனை மூடை வரும் என்று என் தகப்பனார் ஒரு தொகையைச் சொல்வார். பிறகுதான் அளப்பார்கள். அவருடைய தொகை தவறும் நாட்களில் அவர் கோபப்படமாட்டார்; நெல் ஈரமா, பதர் கூடவா, குவியலின் நடுப்பகுதி பள்ளமா என்று காரணம் தேடுவார், அடுத்த போகத்தில் அவர் மட்டு இன்னும் கிட்ட வரும். அவருக்குக் கண்ணும் எண்ணும் இப்படித்தான் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன. உங்கள் வாசலிலும் அதையே செய்யலாம். கூறு போட்டதும் மகள் ஒரு தொகையைச் சொல்லட்டும், கொப்பியில் எழுதட்டும், பிறகு எண்ணி அதன் பக்கத்தில் எழுதட்டும், வித்தியாசத்தையும் அவளே கழித்து எழுதட்டும். மட்டு தவறினால் பிழை என்று சொல்ல வேண்டாம். எவ்வளவு கிட்ட வந்தாய் என்று கேளுங்கள்.

விளையாட்டுகளை நான் இலேசாக எண்ணுவதில்லை. ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் அமெரிக்காவில் வறிய குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எழுதிய பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டைப் பதினைந்து நிமிடப்படி நான்கு தடவைகள் விளையாடக் கொடுத்தார்கள். எண்களில் எது பெரிது, எது சிறிது என்று அறிவதில் அந்தப் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றம் ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. அதில் ஒரு நுட்பம் இருந்தது: காயை நகர்த்தும் பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், காய் மிதிக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் பாம்பும் ஏணியும் விளையாடும்போது 37இல் நின்று மூன்று விழுந்தால், "38, 39, 40" என்று சொல்லி நகரட்டும். வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடும் பெரியவர்கள் இருந்தால் புள்ளி கூட்டும் வேலையை அவளிடம் கொடுங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று கூட்டி ஒரு வகைக்கு 76 வருவதையும், நான்கு வகைக்கும் சேர்த்து 304 வருவதையும் அவளே கண்டுபிடித்தால், ஒரு மாதிரி வினாத்தாள் தராத மகிழ்ச்சியை அது தரும்.

இரவில் இருவரும் அழுது எழும்புவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கணிதத்துக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. அதே பயம் இருந்தும் அடிக்கடி உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, தங்கை. உங்கள் மீது ஏற்றப்பட்ட ஒரு பாரத்தை இறக்கி வைக்கவே எழுதுகிறேன். இரவுப் பாடத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். வீட்டுப்பாடத்தை அவளுக்குத் தெரிந்த அளவு அவளே செய்து போகட்டும். அட்டையும் குற்றியும் இறாலும் பகல் வெளிச்சத்தில் உங்கள் வேலையாக இருக்கட்டும். அவற்றுக்கு உங்களுக்குச் சாதாரண தரக் கணிதம் தேவையில்லை. பிறப்பிலேயே வர வேண்டும் என்ற பேச்சையும், உங்கள் சொந்தப் பரீட்சைக் கதையையும் அவள் காதுபட யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் வகுப்பு இப்போது வேண்டாம். நூறு பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் வேகமாக விடை எழுதப் பழக்குவார்கள். அவளுக்குத் தேவை வேகமல்ல. தரம் 5 பரீட்சை வரும், போகும், அதற்காக, இலக்கம் நிற்கும் இடம் அதற்குத் தரும் மதிப்பான இடப்பெறுமானத்தைத் தாண்டிக் குதித்து ஓட முடியாது.

உண்மையான கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. டிஸ்கல்குலியா எனப்படும் எண்கணித இடர்பாடு பிள்ளைகளில் நூற்றுக்கு 3 முதல் 7 பேரளவில் காணப்படுகிறது. அப்படிப்பட்ட பத்து வயதுப் பிள்ளைகளின் மட்டிடும் ஆற்றல் ஐந்து வயதுப் பிள்ளைகளுடைய அளவிலேயே இருந்ததாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. உங்கள் மகளின் நிலை அதுபோலத் தெரியவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று மாதம் நான் சொன்னவற்றைச் செய்த பிறகும் 8, 6 போன்ற சிறு இலக்கங்களில் எது பெரிது என்று தயங்கினாலோ, 6ஐயும் 2ஐயும் கூட்ட ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து விரல் மடித்தாலோ, வாசிப்பிலும் இதே சிரமம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து விடுங்கள். பிறகு பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்களைச் சந்தியுங்கள், அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரைக் கண்டு மதிப்பீட்டுக்கு வழி கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். மட்டும் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அந்தக் கொப்பியின் முதல் தாளையும் கடைசித் தாளையும் படமெடுத்து அனுப்புங்கள். பிழைகளைத் திருத்தாமல், அழிக்காமல், அவள் எழுதியபடியே அனுப்புங்கள்.